வெளிநாட்டு மாரத்தானுக்குப் பெயர் சேர்க்கும் முன்: ஓட்டக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழர் ஓட்டக் குழுக்களை நடத்திவரும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டு எந்த ஊருக்குப் போவது என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சூடுபிடித்துவிட்டது. ஒருவர் டோக்கியோ என்கிறார், இன்னொருவர் சிட்னி என்கிறார், லண்டன் என்றதும் பத்துப் பேர் கை தூக்குகிறார்கள். பேச்சு முடிவதற்குள் முன்பணம் கட்டச் சொல்லி அறிவிப்பும் வந்துவிடுகிறது. அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பாகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். வேகமாக ஓடுகிறவர்களையும் கையில் காசு புழங்குகிறவர்களையும் வைத்து இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். உங்கள் குழுவில் கடைசியாக வந்து சேர்கிறவர் யாரோ, அவரை வைத்துத் திட்டமிடுங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். பினாங்குப் பால மாரத்தானை ஆறே முக்கால் மணி நேரத்தில் முடித்தவர். அவரை ஒரு குழு வெளிநாட்டுப் போட்டிக்கு அழைத்துப் போனது. அங்கே நேர வரம்பு எவ்வளவு, வழியில் எத்தனை இடத்தில் நேரம் தாண்டியவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "ஓடிறலாம்கா, பயப்படாதீங்க" என்றார்கள். முப்பது கிலோமீட்டரைத் தாண்டிய ஓரிடத்தில் தன்னார்வலர்கள் சாலைக்குக் குறுக்கே கயிறு பிடித்து நின்றார்கள். தலைகுனிந்து வணங்கி, பேருந்தைக் கைகாட்டினார்கள். கூடுவதாகச் சொல்லியிருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நம் ஆள் ஒருவரும் அங்கே இல்லை. பதக்கத்தோடு படம் எடுத்துவிட்டு எல்லாரும் விடுதிக்குப் போய்விட்டார்கள். அவருடைய கைப்பேசி பையில் இருந்தது, பையை இன்னொருவர் எடுத்துப் போயிருந்தார். காற்சட்டைப் பையில் இருந்த விடுதிச் சாவி அட்டையைக் காவலர்களிடம் காட்டிக் காட்டித்தான் அவர் திரும்பினார். அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமை ஓட்டத்துக்கு அவர் வருவதில்லை.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் ஒருவராவது போட்டி விதிகளைப் படித்துச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே முதலில் நேர வரம்பு. டோக்கியோவில் 42.195 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் தருகிறார்கள். கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த ஏழு மணி நேரம் தொடக்கத் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து ஓடுகிறது, நாம் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நேரத்திலிருந்து அல்ல. சுமார் 38,000 பேர் நிற்கும் கூட்டத்தில் நம் மெதுவான ஓட்டக்காரர்கள் கடைசிப் பகுதியில்தான் நிற்பார்கள். கோட்டுக்கு வந்து சேரவே நல்ல நேரம் போய்விடும். வழி நெடுகிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நேரம் வைத்துக் கண்டிப்பாக அடைத்துக்கொண்டே வருவார்கள். பினாங்குப் பாலத்தில் ஆறே முக்கால் மணி நேரத்தில் முடித்தவருக்கு அங்கே கைவசம் மிச்ச நேரம் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. லண்டன் அப்படியல்ல. எட்டு மணி நேர வேகத்தில் நடந்து வருகிறவர்களுக்குத் துணையாகவே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கிலும் இருட்டிய பிறகும் வரவேற்று நிற்கிறார்கள். பாஸ்டனுக்கோ தகுதி நேரம் வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டி அதன் வழியாகப் போக வேண்டும். குழுவாகப் போகும் பேச்சுக்கே அது ஒத்துவராது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஊரை முடிவு செய்ய வேண்டும். ஊரை முடிவு செய்துவிட்டு ஆளை அதற்குள் திணிக்கக் கூடாது.

அடுத்தது இடம் கிடைப்பது. இங்கே உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் பதிவு திறந்ததும் முந்திக்கொண்டு இடம் பிடிப்பதுபோல் அங்கே முடியாது. பெரும்பாலும் குலுக்கல்தான். 2026 லண்டன் மாரத்தானின் குலுக்கலுக்கு 11 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் போட்டியை ஓடி முடித்தவர்களோ 56,000 பேருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று விமான டிக்கெட்டை முதலில் வாங்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களின் பையைச் சுமப்பதற்காக ஒருவர் ஆண்டு விடுப்பையும் சேமிப்பையும் செலவழித்துக்கொண்டு வர வேண்டுமா? பெயர் வந்த பிறகுதான் டிக்கெட். விடுதி மட்டும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடியதாக, முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்.

குலுக்கலில் பெயர் வராவிட்டால் வேறு வழிகள் உண்டு. அவற்றின் விலையை மறைக்காமல் சொல்லுங்கள். டோக்கியோவில் அறக்கட்டளை வழியாக இடம் பெறக் குறைந்தது 100,000 யென் நன்கொடை தர வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 2,500 வெள்ளி (ரிங்கிட்). நுழைவுக் கட்டணம் தனி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. லண்டனில் பல அறக்கட்டளைகள் 2,000 பவுண்டுக்குக் குறையாமல் திரட்டித் தரச் சொல்கின்றன. பயண நிறுவனங்களின் தொகுப்பில் இடம் உறுதியாகக் கிடைக்கும்தான், ஆனால் அந்தப் போட்டியின் இணையத்தளத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.

பணத்தைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். அதனால்தான் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாக ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கில் கை வைக்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து அந்த நெகிழ்வுக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று வந்ததிலிருந்து இது சுலபமாகிவிட்டது. எடுப்பவரின் உரிமை அது, நான் தடுக்கவில்லை. ஆனால் முழுச் செலவு எவ்வளவு என்று தெரியாமல், முன்பணத்தை மட்டும் பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டு, நடுவழியில் சேமநிதியை வழிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளியது யார்? நுழைவுக் கட்டணம், விமானம், விடுதி, காப்புறுதி, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, முதல் நாளே எல்லார் பார்வைக்கும் வையுங்கள். "எனக்கு இந்த ஆண்டு முடியாது" என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்ல அந்தத் தாள் உதவும்.

விசா விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஜப்பானுக்கும் பெர்லினுக்கும் நம் கடவுச்சீட்டே போதும். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் மின்னியல் பயண அனுமதி எடுக்க வேண்டும், ஆஸ்திரேலியாவுக்கும் அதுபோல் ஒன்று கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். அமெரிக்காவுக்குத்தான் விசா நேர்காணல். பினாங்குக்காரர்கள் அதற்காகக் கோலாலம்பூர் வரை போய் வர வேண்டும். சிகாகோ, நியூயார்க் என்று ஆசைப்படுகிறவர்கள் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். ஒருவரால் போக முடியாவிட்டால் அவருடைய பிப்பை, அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்ணை, இன்னொருவருக்கு மாட்டிவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதற்காக அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். டோக்கியோவில் கடவுச்சீட்டோடு நேரில் போய்த்தான் பிப் வாங்க வேண்டும், கையில் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். பிடிபட்டால் தடை விதிப்பார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. ஓடும்போது ஒருவர் மயங்கி விழுந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் அவர் யார், என்ன வயது, வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று மருத்துவக் குழு பார்க்கும். இங்கே புலாவ் திக்குஸில் தூங்கிக்கொண்டிருக்கிற ஒருவரின் மனைவிக்கு "உங்கள் கணவர் மருத்துவமனையில்" என்று தொலைபேசி வரும். உண்மையில் கிடப்பவரின் வீட்டுக்குத் தகவலே போகாது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அதைச் சொல்லவும் ஆள் இருக்காது.

பயிற்சிக் காலத்தையும் நம் நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, டோக்கியோ மாரத்தான் மார்ச் 1. சரியாக நான்கு வாரம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டிய நீண்ட ஓட்டங்கள் விழும் நாட்கள் அவை. காவடி எடுக்கிறவர் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, வெறுங்காலில் ரத ஊர்வலப் பாதையெல்லாம் நடந்து, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறி இறங்கியிருப்பார். அவர் உடம்பு அப்போது ஓய்வு கேட்கும். "இந்த ஒரு வருஷம் காவடியை விட்டுடு தம்பி" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு மனம் நொந்தேன். முருகனா மாரத்தானா என்று யாரையும் நிறுத்தாதீர்கள். அவருக்கு ஆகஸ்ட் கடைசியில் வரும் சிட்னி இருக்கிறது, செப்டம்பர் கடைசியில் பெர்லின் இருக்கிறது. அந்தப் பருவத்துக்குப் பயிற்சி செய்யும்போது புகைமூட்டம் வரலாம் என்பதையும் சேர்த்து நினையுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய காலையில் நாம் ஓடும் யூத் பார்க் பூங்காவுக்கு ஆளை வரச் சொல்லாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு எது நல்லது என்று கேட்டால் நான் சிட்னியைத்தான் சொல்வேன். எட்டு மணி நேரப் பயணம், இரண்டே மணி நேர வித்தியாசம். துறைமுகப் பாலத்தைக் கடந்து ஓடி ஓபரா மாளிகையில் முடிகிற பாதை. பாலம் நமக்குப் புதிதில்லை. ஏற்ற இறக்கம் உண்டு, அதற்குப் பழகிக்கொள்ளப் பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு மலைச் சாலை இருக்கிறது. லண்டனோ நியூயார்க்கோ என்றால் உடம்பு நேரத்துக்குப் பழகவே சில நாள் பிடிக்கும். அந்த நாட்களின் விடுதிச் செலவும் கணக்கில் ஏற வேண்டும்.

நம்மவர்களை மிகவும் தடுமாற வைப்பது தூரம் அல்ல, காலை நேரம். பாலத்து மாரத்தானில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் ஓடத் தொடங்குகிறோம். கோலாலம்பூரிலும் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுகிறோம். டோக்கியோ, லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் ஒன்பது மணிவாக்கில் தொடங்கும், பத்துக்கும் தொடங்கும். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்கு விடியற்காலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, குளிரில் மணிக்கணக்கில் காக்க வைப்பார்கள். எப்போது பசியாறுவது, எப்போது கழிவறைக்குப் போவது என்பதெல்லாம் தலைகீழாகிவிடும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகளாவது தாமதமாகச் சாப்பிட்டுத் தாமதமாக ஓடிப் பழக்குங்கள். வெயில் கொளுத்தும், தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிற்கும்போது போட்டுக்கொண்டு, ஓடும் முன் கழற்றிப் போட்டுவிட்டுப் போக ஒரு பழைய குளிர்ச்சட்டை போதும். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் பத்து வெள்ளிக்கு வாங்கலாம். புதிதாக விலை உயர்ந்ததை வாங்கச் சொல்லி யாரையும் செலவுக்கு இழுக்காதீர்கள்.

சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். ஜப்பானில் சைவம் என்று நினைத்து வாங்கும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். ஒரு சின்ன அரிசிக் குக்கரும் குழுவுக்குப் பொதுவாக இரண்டு கிலோ அரிசியும் எடுத்துப் போனால் முந்தின இரவுக் கவலை தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இட்லிப்பொடியோ ஊறுகாயோ எதை எடுத்துப் போனாலும் குடிநுழைவு அட்டையில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் அபராதம்.

இனி நான் உங்களிடம் வேண்டுவது இதுதான். இந்த மாதக் கூட்டத்தில் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன், உங்கள் குழுவில் கடைசியாக முடிக்கிறவரின் நேரத்தை வெண்பலகையில் எழுதுங்கள். அவருக்கு இடமளிக்கும் போட்டிகளை மட்டும் அதன் கீழ் எழுதுங்கள். போட்டி நாளன்று முடிவுக் கோட்டருகே கடைசி ஆள் வரும்வரை காத்திருக்க இரண்டு பேரை இப்போதே பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாருடைய கைப்பேசி எண்ணும் விடுதி முகவரியும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் இடுப்புப் பையிலும் இருக்கட்டும்.

குலுக்கல் விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கைப்பேசியில் நிரப்பத் தெரியவில்லை என்று தயங்குகிறவர்கள் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்கள். டோக்கியோவுக்கு ஆகஸ்ட் வாக்கில் திறக்கும், லண்டனுக்கு ஏப்ரல் கடைசியில். அந்த வாரங்களில் சனிக்கிழமை ஓட்டம் முடிந்ததும் யூத் பார்க் வாசலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். எந்தக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தாலும் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் அவரையும் அழைத்து வாருங்கள். லண்டன் விண்ணப்பத்தில் முதல் பெயராக அவருடையதை நிரப்ப வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து உங்களோடு ஓடும் ஒரு தங்கை