சிக்கனக் குடும்பத்துக்குக் கடன் அட்டையில் எவ்வளவு தேறும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் அட்டையின் ரிவார்டு புள்ளிகளைக் கொண்டே விமானத்தில் பறக்கலாம், நட்சத்திர ஓட்டலில் தங்கலாம் என்று வழிகாட்டும் காணொளிகளும் கட்டுரைகளும் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் வரும் கணக்குகள் பெரும்பாலும் மாதம் லட்ச ரூபாய்க்குக் குறையாமல் அட்டையைத் தேய்ப்பவர்களுக்கானவை. ஓய்வூதியத்திலோ நடுத்தரச் சம்பளத்திலோ அளந்து செலவு செய்யும் குடும்பத்துக்கு இதில் என்ன தேறும் என்பதை யாரும் கூட்டிக் கழித்துக் காட்டுவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

சொந்தமாகச் சிறிய அடுக்ககக் குடியிருப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு ₹30,000 என்று கொள்வோம். பால், காய்கறி, கீரை, வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம், குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புத் தொகை ஆகியவை ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலிருந்தோதான் போகும். மளிகை, மருந்து, சமையல் எரிவாயு, தொலைபேசி, மின்கட்டணம் என்று அட்டையில் செலுத்தக்கூடியவை ₹12,000 வரை இருக்கலாம். நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளிகள் என்று அட்டை விளம்பரம் சொல்லும். நான்கு புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்பது விதிமுறைகளுக்குள் எங்கோ இருக்கும். ஆக, மாதம் ₹120, ஆண்டுக்கு ₹1,440. ஆண்டுக் கட்டணம் ₹499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் ₹589 போய்விடுகிறது. புள்ளிகளைப் பொருளாகவோ பணமாகவோ மாற்றிக்கொள்வதற்கும் பல வங்கிகள் ₹99-உம் அதன்மேல் வரியும் வாங்குகின்றன. கடைசியில் கையில் நிற்பது ₹734. பெட்ரோலுக்குப் புள்ளிகள் கிடைக்காத அட்டைகளே அதிகம். அங்கே கிடைப்பது, அட்டையில் பெட்ரோல் போட்டால் விதிக்கப்படும் ஒரு சதவீதக் கூடுதல் கட்டணத்தின் தள்ளுபடிதான். அந்தக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி திரும்ப வராது.

₹734 அற்பத் தொகை என்று நான் சொல்லவில்லை. எப்படியும் செய்யப்போகும் செலவுக்கு அது கிடைக்கிறதென்றால் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆண்டுக் கட்டணமே இல்லாத அட்டையாகத் தேர்ந்தெடுத்தால் தொகை இன்னும் கூடும். ஆனால், ஆண்டுக்கு இரண்டு லட்சம் செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி என்று ஓர் அட்டை சொல்லும்போது, ₹1,44,000-இல் நிற்க வேண்டிய குடும்பம் ₹589-ஐ மிச்சப்படுத்துவதற்காக மேலும் ₹56,000-க்குப் பொருள் தேடிக் கடை கடையாக அலைவதைச் சிக்கனம் என்று எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பில்லை முழுமையாகக் கட்டத் தவறினால் நிலைமை தலைகீழாகிவிடும். ₹12,000 பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையாக ₹600 மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 சதவீத வட்டியில் ₹11,400-க்கு ஒரு மாதத்துக்கே ₹399, வரியுடன் ₹471. கிட்டத்தட்ட நான்கு மாதப் புள்ளிகள் அதிலேயே கரைந்துவிடும். இது தவிர, வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். முழு நிலுவையும் தீரும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்த உச்சவரம்பை நம்பியும் பயனில்லை. ஆகவே, சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகவே கழியும்படி வங்கிக்கு ஆணை கொடுத்துவிட்டுத்தான் அட்டையைப் பையில் வைக்க வேண்டும். அதற்கு இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு எந்தப் புள்ளியும் லாபமில்லை.

இந்தப் புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அட்டையில் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ இரண்டு ரூபாயைக் கடைக்காரர் இழக்கிறார். அதில் ஒரு பகுதிதான் நமக்குப் புள்ளியாக வருகிறது. தெருமுனை மளிகைக் கடையில் ரொக்கம் கொடுத்தால் அண்ணாச்சியே சில்லறையைக் குறைத்துக்கொள்கிறார் எனும்போது, ஒரு சதவீதப் புள்ளிக்காக அட்டையை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உண்மையில், சிக்கனக் குடும்பத்துக்குப் பெரிய பலன் வேறு இடங்களில் இருக்கிறது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் செலுத்துவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் ₹5,000 வரை ஊக்கத்தொகை உண்டு. அரையாண்டு வரி ₹3,000 என்றால் ₹150 மிச்சம். ஒரு மாதம் முழுவதும் அட்டையைத் தேய்த்தாலும் இவ்வளவு வராது.

வங்கிச் சலுகைகளும் அப்படியே. அமெரிக்காவில் புதிய கணக்கு தொடங்கினால் நூற்றுக்கணக்கான டாலர் போனஸ் தருகிறார்கள் என்று கேட்டு, இங்கும் அப்படி ஏதேனும் உண்டா என்று இளைஞர்கள் தேடுகிறார்கள். வைப்புத்தொகை திரட்டுவதற்காகப் பரிசுச் சீட்டு, இலவசப் பயணம் போன்றவற்றை வழங்கக் கூடாது, ₹250-க்கு மேற்படாத சிறு அன்பளிப்புதான் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கும்போது, அந்த வழியில் இங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. நமக்கான போனஸ் வட்டி விகிதத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூன் முதல் பாரத ஸ்டேட் வங்கியின் சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதம். அவசரத் தேவைக்கென்று வைத்திருக்கும் ஒரு லட்ச ரூபாய்க்கு அந்த விகிதத்தில் ஆண்டுக்கு ₹2,500 வரும். அதே பணத்தைத் தேவைப்படும்போது தானாகவே கணக்குக்குத் திரும்பும் வைப்பாக மாற்றி 6 சதவீதம் பெற்றால் ₹6,000. இடையில் எடுப்பதால் சற்றுக் குறைந்தாலும், அந்த வித்தியாசம் அட்டைப் புள்ளிகளைப் போல் சில மடங்கு. கூடுதல் வட்டிக்காக வேறு வங்கியை நாடுபவர்கள், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ₹5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதை மறக்கக் கூடாது. குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை இந்தியன் வங்கி உள்ளிட்ட சில பொதுத்துறை வங்கிகள் 2025-இல் நீக்கியிருப்பதும் சிறு கணக்குகளுக்கு நிம்மதி.

முதல் ஆண்டு மட்டும் இலவசம் என்ற அட்டையை வாங்கியவர்கள், கட்டணம் விழுவதற்கு முன் அதை ரத்து செய்யத் தயங்க வேண்டியதில்லை. நிலுவை ஏதுமில்லாத நிலையில் விண்ணப்பித்தால் ஏழு வேலை நாள்களுக்குள் அட்டைக் கணக்கை முடித்துத் தர வேண்டும், தவறினால் முடிக்கும்வரை நாளொன்றுக்கு ₹500 வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை வழிகாட்டு நெறிமுறை கூறுகிறது. கேட்காமலே அட்டை அனுப்புவதையும் அதே நெறிமுறை தடை செய்திருக்கிறது. வணிக வளாக வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் மூத்த குடிமக்களை மடக்கி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் முகவர்கள் இந்த விவரங்களைச் சொல்வதே இல்லை.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீண்டு கூட்டு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று அந்நெறிமுறை ஏற்கெனவே வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே, கணக்கில் இருக்கும் புள்ளிகளின் மதிப்பை ரூபாயிலும், கடந்த பன்னிரண்டு மாதங்களில் அந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய கட்டணம், வட்டி, வரி ஆகியவற்றின் மொத்தத்தையும் இரண்டே வரிகளில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். கட்டணத்தை உயர்த்த ஒரு மாத முன்னறிவிப்பு தேவை என்ற விதியைப் போல, புள்ளியின் மதிப்பைக் குறைக்கும்போதும், அதுவரை சேர்ந்த புள்ளிகளைப் பழைய மதிப்பிலேயே மாற்றிக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாத அவகாசமாவது அளிக்கப்பட வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கம் இக்கோரிக்கையை வங்கிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெரம்பூர், சென்னை.