பாப்பாவுக்கு, பந்தலடியிலிருந்து

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

கனடாவில், ஒன்டாரியோவில் உனக்கு என்ன செடி வளர்க்கிற வேலை என்று முதன்முதலில் கேட்டபோது நீ கொஞ்சம் தயங்கினாய். நம் கம்பம் ஊர்ப் பக்கம் கஞ்சா என்பது போலீஸ் கேஸோடு மட்டுமே காதில் விழுகிற வார்த்தை. இங்கே 1985ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. அங்கே அது லைசென்ஸ் வாங்கி வளர்க்கிற பயிர். அது என் மனசுக்குள் இறங்கக் கொஞ்ச நாள் ஆனது. ஊருக்கு வரும்போது மட்டும் வேலைச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வா. பையில் ஒரு இலைத் துணுக்குகூட இருக்கக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மேசையில் நாலு செடி விளக்கை முட்டுகிறது, மற்றதெல்லாம் கீழேயே நிற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. திராட்சைக்கு நான் செய்வதும் உன் செடிக்கு நீ செய்ய வேண்டியதும் ஒன்றுதான். நுனி இருக்கும்வரை அது பக்கக் கிளையை எழவிடாது. கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுகிறோம், இரண்டு பக்கமும் இரண்டு கை கிளம்புகிறது. நீயும் ஐந்தாறு கணு விட்டதும் கிள்ளிவிடு. கிள்ள மனசு வரவில்லையா, வளைத்துக் கட்டு. நுனி தாழ்ந்தாலே போதும், கணுவுக்குக் கணு கிளை நிமிர்ந்து எழும்.

வளைப்பதில்தான் கை பழக வேண்டும். காலையில் கொடி தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கும். அப்போது தொட்டால் ‘சடக்’கென்று முறியும். நான் மதியத்துக்கு மேல்தான் கட்டுவேன். உன் அறையில் வெயில் ஏது, தண்ணீர் விடுவதற்கு முன்னால் வளை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டை மெல்ல உருட்டி, உள்ளே நெகிழ்வதை உணர்ந்த பிறகு சாய். ஒரே நாளில் படுக்க வைக்காதே, இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். தோல் கிழிந்தால் பதறாதே, சேர்த்து வைத்துத் துணி நாடாவால் சுற்று. ஆறின இடம் முண்டு கட்டி முன்னைவிடக் கெட்டியாக நிற்கும். கட்டுகிற கயிறு தண்டை அறுக்காமல் விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

தினமும் பன்னிரண்டு மணி நேர இருட்டுக்கு மாற்றினால்தான் உன் செடி பூக்கும், மாற்றினதும் இரண்டு மூன்று வாரம் மடமடவென்று வளரும், சிலது இரண்டு மடங்குகூட ஆகும் என்றாய். அப்படியானால் அந்த மாற்றத்துக்கு முன்பே செடிகளுக்கு மேலே பந்தல் மாதிரி கிடையாக ஒரு வலையைக் கட்டிவிடு. வலைக்கு மேலே தலை நீட்டுகிற கிளையை வலையின் அடுத்த கட்டத்துக்குள் நுழைத்துவிட்டுக்கொண்டே இரு. பூ பிடித்த பிறகு கிளையைத் தொடாதே. குட்டையாக நிற்கிற தொட்டிக்கு அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்து உயர்த்து. இதை ஏன் யாரும் செய்யவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. ஒரு மேசைக்கு ஒரே ரகம்தான் வை, நெட்டையும் குட்டையும் கலந்தால் எந்தக் கட்டும் நிற்காது.

அப்புறம், அடியைத் திறந்துவிடு. ஒரு ஐப்பசியில் ஆள் கிடைக்கவில்லை என்று நான் கிளை கழிப்பதைத் தள்ளிப்போட்டேன். மழை பிடித்தது. பந்தலுக்குக் கீழே காற்றே இல்லை. இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்தது, கொத்துக் கொத்தாகக் கருகி விழுந்தது. அந்த வருஷம் உன் காலேஜ் பீஸுக்கு அம்மா வளையல் அடகுக்குப் போனது உனக்குத் தெரியாது. உன் செடிக்கும் அடர்ந்த பூவுக்குள் ஈரம் தங்கினால் அழுகல் வரும். வெளிச்சம் எட்டாத அடிக்கிளையை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, கழித்துவிடு. மேல் இலையை மட்டும் ஒரேயடியாக மொட்டை அடிக்காதே.

வலை போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு. மேலிருந்து எடுக்காதே, எல்லாம் சமமாகத்தான் தெரியும். மேசை ஓரத்தில் குனிந்து, செடியின் தலைமட்டத்துக்குப் போனை வைத்து எடு. எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா