கோழியா, தொடைக்கறியா?

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். பொங்கல் வாழ்த்துக்குப் பதிலே போடவில்லை என்று என் தங்கையிடம் புலம்பினாயாமே. நன்றாகப் புலம்பு, ரிட்டயர்டு ஆளுக்கு வேறென்ன வேலை! ஆனால் நீ போனில் சொன்ன விஷயத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "மில்காரன் பாக்கியில பாதி தர்றேங்கிறான், கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பார்க்கிறேன்" என்றாயே, அப்போது என் மடியில் அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் விரிந்து கிடந்தார்.

ஆமாம், மறுபடியும் அவர்தான். தலையில் அடித்துக்கொள்ளாதே. இந்த முறை அவர் எழுதிய வரிசையில் படிக்காமல், கதை நடக்கும் வரிசையில், 1904-இல் தொடங்கி 1997 வரை படித்துக்கொண்டு போகிறேன். பத்தாண்டுக்கு ஒன்றாகப் பத்து நாடகம். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பிட்ஸ்பர்க் நகரத்தில் கறுப்பர்கள் வாழும் ஹில் பகுதியில்தான். இப்படிப் படித்தால், பல நாடகங்களில் பேசப்படும் எஸ்தர் அத்தை என்ற கிழவி முதல் நாடகத்தில் 285 வயதில் வருகிறாள், 1985-இல் 366 வயதில் செத்துப்போகிறாள். கழித்துப் பார், 1619 வரும். வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய வருஷம். வரிசை மாற்றிப் படித்தபோது இது என் மண்டையில் ஏறவே இல்லை.

'ஃபென்சஸ்' (வேலிகள்) நாடகம் படிக்கும்போது உன் ஞாபகம் வராமல் இருக்குமா? கதாநாயகன் ட்ராய் வேஷம்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றதும், கணேசன் உன்னை வேலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும்! போகட்டும், வேலி நன்றாகத்தான் நடித்தது.

நான் சொல்ல வந்தது 'டூ டிரெயின்ஸ் ரன்னிங்'. 1969, மெம்ஃபிஸ் என்பவரின் சாப்பாட்டுக் கடை. அங்கே தினமும் வருகிறவன் ஹாம்போன். இறைச்சிக் கடை லட்ஸின் வேலிக்குப் பெயின்ட் அடித்தான். வேலை நன்றாக இருந்தால் பன்றித் தொடைக்கறி, இல்லாவிட்டால் கோழி என்று பேச்சு. நன்றாகத்தான் அடித்தான். லட்ஸ் கோழியை எடுத்துக்கொள் என்கிறான். இவன் தொடமாட்டேன் என்கிறான். ஒன்பதரை வருஷமாகத் தினமும் காலையில் அந்தக் கடை வாசலில் போய் நிற்கிறான். 'என் தொடைக்கறி எனக்கு வேணும்', இது ஒன்றுதான் அவன் வாயில். கடைக்கு வந்துபோகும் ஸ்டெர்லிங் என்ற இளைஞன் வேறு வார்த்தை சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுகிறான், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

நம் கூட்டத்தில் எல்லோரும் இவனைப் பைத்தியம் என்றுதான் பேசினோம். கடைக்கார மெம்ஃபிஸும் அதையேதான் சொல்கிறான். சொல்கிற இவன் மட்டும் என்ன செய்கிறான்? நகராட்சி கடையை இடிக்கப் போகிறது. 25,000 டாலருக்கு ஒரு காசு குறையாது என்று நிற்கிறான். சவ அடக்கக்காரர் வெஸ்ட், குறைந்த விலைக்குக் கொடுத்துவிடு என்று நச்சரித்தும் அசையவில்லை. கடைசியில் நகராட்சி 35,000 தருகிறது! ஹாம்போனோ தொடைக்கறியைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போகிறான். பிடிவாதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருத்தனுக்குப் பத்திரமும் வக்கீலும் இருந்தது, இன்னொருத்தனுக்கு வாய்ப்பேச்சு மட்டும். மெம்ஃபிஸுக்குக்கூட இது உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாடகம் முடியும்போது ஸ்டெர்லிங் லட்ஸ் கடைக் கண்ணாடியை உடைத்து, முகமும் கையும் ரத்தமாக, சவப்பெட்டியில் வைக்கச் சொல்லி ஒரு தொடைக்கறியைக் கொண்டுவந்து கொடுப்பான். முன்பெல்லாம் அந்த இடத்தில் விசில் அடிக்கத் தோன்றும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. உயிரோடு இருந்தபோது யாராவது ஒருத்தன் அவனோடு போய் அந்த வாசலில் நின்றிருக்கலாம் இல்லையா?

வில்சன் இதையெல்லாம் ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை. கீழ் ஹில் பகுதியை ஐம்பதுகளில் இடித்துத் தள்ளி, சுமார் 8,000 பேரை வெளியேற்றிவிட்டு அங்கே ஒரு விளையாட்டரங்கம் கட்டினார்கள். அவருக்கே பதினைந்து வயதில் ஒரு அநியாயம் நடந்தது. நெப்போலியன் பற்றி எழுதிய கட்டுரையை, இது நீ எழுதியதே இல்லை என்று வாத்தியார் சொல்ல, பையன் பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தான்.

சரி, இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன்னை வாசலில் போய் நில் என்று நான் சொல்லவில்லை. உனக்கு சர்க்கரை இருக்கிறது, பையன் கல்யாணம் வேறு இருக்கிறது, பாதியை வாங்கினால் உன்னை யாரும் குறை சொல்லப் போவதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நீ ஹாம்போன் இல்லையடா, மெம்ஃபிஸ். உன்னிடம் நியமன ஆணை இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, பி.எஃப். கணக்கு இருக்கிறது. "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அவன் நீட்டுகிற தாளில், ஒரு வக்கீல் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. கணேசன் மருமகள் தொழிலாளர் வழக்குதான் பார்க்கிறாள், பேசி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடு, அசலை யாரிடமும் கொடுக்காதே. சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன், ஞாயிறு காலை அவள் வீட்டுக்குச் சேர்ந்தே போவோம்.

உன்,
பாலு