பனம்பழம் தானாக விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்து கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அவருடைய ஆறு பெரும் பட்டங்களில் (மாஸ்டர்ஸ், பிரிட்டிஷ் ஓப்பன் ஆகிய முதன்மைப் போட்டிகளில் வென்றவை) ஐந்தை எதிராளிகளே கோட்டைவிட்டார்கள், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்கிறது கட்டுரை. பட்டியல் என்னவோ சரி. 1987 பிரிட்டிஷ் ஓப்பனில் பால் ஏசிங்கர் கடைசி இரண்டு குழிகளிலும் சறுக்கினார். 1989 மாஸ்டர்ஸில் ஸ்காட் ஹோக் இரண்டடி தூரத்துப் புட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறவிட்டார். 1990 மாஸ்டர்ஸில் ரேமண்ட் ஃபிளாய்ட் பந்தைக் குளத்தில் போட்டார். 1992 ஓப்பனில் ஜான் குக், 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன். ஐந்து பேரும் ஏன் இந்த ஒரே ஆளிடம் வந்து தடுக்கி விழுந்தார்கள்? கட்டுரை அதைக் கேட்கவே இல்லை.

ஃபால்டோ 1957 ஜூலை 18 அன்று ஹார்ட்ஃபர்ட்ஷயரின் வெல்வின் கார்டன் சிட்டியில் பிறந்தவர். 1971 மாஸ்டர்ஸில் ஜாக் நிக்லாஸ் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் மட்டையைத் தொட்டார். நான்கே ஆண்டுகளில், 1975-இல், இங்கிலாந்து அமெச்சூர் சாம்பியன். 1977-இல் இருபது வயதில், அமெரிக்காவோடு மோதும் ரைடர் கோப்பை அணியில் இடம்பிடித்து, ஒற்றையர் ஆட்டத்தில் அமெரிக்காவின் டாம் வாட்சனை வீழ்த்தினார். 1983-இல் ஐரோப்பியத் தொழில்முறைத் தொடரில் மட்டும் ஐந்து வெற்றிகள். இந்த இடத்தில் கட்டுரை ஒரு தாவு தாவி 1987-க்குப் போய்விடுகிறது. நடுவில் விட்டுப்போன அந்த ஆண்டுகளில்தான் விஷயமே இருக்கிறது.

1983 ஓப்பனிலும் 1984 மாஸ்டர்ஸிலும் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது கடைசி நாளில் ஃபால்டோவின் ஆட்டம் உடைந்தது. மனம் தளர்ந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவரோ கோளாறு தன் வீச்சில் இருப்பதாகக் கருதினார். ஆறடிக்கு மேல் உயரமான ஆள். மட்டையைச் செங்குத்தாக உயரத் தூக்குவார். கீழே இறக்கும்போது கால்கள் இலக்கின் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். உடல் பின்னால் வில்லாக வளைந்து நிற்கும். பார்க்க அழகான வீச்சு அது. ஆனால் கால்கள் முன்னே ஓடிவிட்டால் மட்டை பின்தங்கும். அதைக் கடைசி நொடியில் கைகளும் மணிக்கட்டும் சுழன்று ஈடுகட்ட வேண்டும். போட்டி தொடங்கும் சாதாரண வியாழக்கிழமையில் அந்த நேரக்கணக்கு சரியாக அமையும். பட்டம் முடிவாகும் பதற்றமான ஞாயிறு மாலையில் கை ஒரு கணம் முந்தினால் பந்து இடப்பக்கம், பிந்தினால் வலப்பக்கம். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவன் எந்தப் பக்கத்தைக் குறிவைப்பான்? போதாததற்கு, செங்குத்தாக இறங்கும் மட்டை பந்துக்கு அதிகப் பின்சுழற்சி தரும். பந்து உயரே ஏறி, கடற்கரை மைதானத்துக் காற்றில் பட்டம்போல் நின்றுவிடும்.

1985-இல் டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் போய், எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொன்னார். லெட்பெட்டர் செய்தவை இவை. பின்வீச்சின் தொடக்கத்திலேயே மணிக்கட்டை மடக்கிவிடுவது. முன்கையைச் சற்றுச் சுழற்றி, மட்டை செல்லும் தளத்தைத் தாழ்த்துவது. மேற்கைகள் மார்போடு ஒட்டியே திரும்புவது, அதாவது உடல் திரும்பினால்தான் கையும் திரும்பும். கால்களின் வழுக்கலை நிறுத்தி, இடுப்பு இருந்த இடத்திலேயே சுழலுவது. வீச்சைக் குறுக்கி, முடிவில் முதுகை வளைக்காமல் நேராக நிற்பது.

எழுதும்போது ஐந்து வரிதான். இதற்கு ஏன் இரண்டு ஆண்டுகள் ஆயின என்பது மட்டை பிடித்தவர்களுக்குப் புரியும். பழைய வீச்சில் ஒவ்வொரு பிழைக்கும் எதிராக இன்னொரு பிழை முட்டுக்கொடுத்து நிற்கும். ஒன்றை மட்டும் உருவினால் மற்றது வெளியே தெரியும். கால் வழுக்கல் நின்ற பிறகும் கைகள் பழைய வழக்கப்படி சுழன்றால் பந்து நேராக இடப்பக்கப் புதருக்குள் போகும். ஆகவே முதல் மாதங்களில் ஆட்டம் முன்பைவிட மோசமாகும். உடலுக்குத் தோன்றுவதும் உண்மையில் நடப்பதும் வேறு வேறு. ஓர் அங்குலம் மாற, ஓரடி மாற்றுவதாக நினைத்துக்கொண்டு வீச வேண்டும். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பந்துகள், கை கொப்புளிக்க. 1984-க்குப் பிறகு 1987 மே மாத ஸ்பானிஷ் ஓப்பன் வரை அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. விளம்பரதாரர்களும் விலகினார்கள். 1987 மாஸ்டர்ஸுக்கு அழைப்பு வரவில்லை. அதே வாரம் மிசிசிப்பியின் ஹேட்டீஸ்பர்க்கில் நடந்த சிறிய போட்டியில் ஆடினார். நான்கு நாளும் எடுத்த அடிகள் 67, 67, 67, 67; குறைவாக எடுப்பவருக்கே வெற்றி. இரண்டாம் இடம். புதிய வீச்சு கைவந்துவிட்டது என்பதற்கு அந்த நான்கு எண்களே சாட்சி.

மூன்று மாதம் கழித்து ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் ஓப்பன். கடைசி நாளில் பனிமூட்டமும் ஈரக் காற்றும். ஃபால்டோ 18 குழிகளையும் பாரில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் விதித்த அடி எண்ணிக்கையில், முடித்தார். ஒரு பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) இல்லை, ஒரு போகி (ஓர் அடி கூடுதல்) இல்லை. இதைத்தான் கட்டுரை ‘சலிப்பூட்டும் ஆட்டம்’ என்கிறது. அந்தப் 18 பார்களும் சும்மா வந்தவை அல்ல. மணற்குழியில் விழுந்து, ஒரே அடியில் வெளியேறி, ஒரே புட்டில் காப்பாற்றியவையும் அவற்றில் உண்டு. கடைசிக் குழியில் 5-ஆம் எண் அயர்னால் (இரும்புத்தலை மட்டை) கிரீனை, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையை, எட்டினார். ஏறத்தாழ நாற்பதடி புட் குழியைத் தாண்டிச் சில அடி ஓடியது. அந்தச் சில அடியை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருந்தார். பாதி ஆட்டத்தில் மூன்று அடி குறைவாக எடுத்து முன்னிலையில் இருந்த ஏசிங்கர், பதினேழாவதில் மிகத் தூரம் அடிக்கும் மட்டையான ட்ரைவரை எடுத்து மணற்குழியில் போட்டார், பதினெட்டாவதில் இரண்டாவது அடியை இன்னொரு மணற்குழிக்கு இழுத்தார். முன்னால் போன ஆள் ஓர் அடியைக்கூட இழக்கவில்லை என்று பலகை காட்டிக்கொண்டே இருக்கும்போது துரத்தப்படுகிறவருக்குப் பத்திரமாக ஆடத் தோன்றாது. மொத்தம் 279, ஓர் அடியில் பட்டம். முப்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள்.

ஹோக் விட்ட இரண்டடியை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் சுற்றில் 77 அடித்தவர் புட்டரை (புட் அடிக்கும் மட்டை) மாற்றிக்கொண்டு கடைசிச் சுற்றில் 65 அடிக்காவிட்டால், ஹோக்கோடு சமநிலையை முறிக்கக் கூடுதல் குழி ஆடும் வாய்ப்பே இருந்திருக்காது. அடுத்த குழியில் இருட்டும் நேரத்தில் இருபத்தைந்தடி புட்டை இறக்கியதும் ஹோக் அல்ல.

1992-இல் மியூர்ஃபீல்டில் நடந்த ஓப்பன், கட்டுரையின் வாதத்துக்கு நேர் எதிரான சான்று. அன்று கோட்டைவிட்டவர் முதலில் ஃபால்டோதான். நான்கு அடி முன்னிலையோடு தொடங்கி, பதினான்கு குழி முடிவதற்குள் குக்கைவிட இரண்டு அடி பின்தங்கினார். பிறகு பதினைந்தில் 5-ஆம் எண் அயர்னை முழுதாக வீசாமல் அடக்கி அடித்துக் குழியருகே நிறுத்திப் பர்டி. பதினேழில் இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டி இன்னொரு பர்டி. குக் பதினேழில் சிறிய புட்டைத் தவறவிட்டதும் பதினெட்டில் போகி எடுத்ததும் உண்மை. இந்த இரண்டு பர்டிகளும் உண்மை.

மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் 1996-இல் நடந்ததை எல்லோரும் நார்மனின் கதையாகவே சொல்கிறார்கள். ஆறு அடி முன்னிலை, 78 அடித்து ஐந்து அடியில் தோல்வி. ஒன்பது, பத்து, பதினொன்றில் வரிசையாகப் போகி, பன்னிரண்டில் தண்ணீர். அதே நாளில் ஃபால்டோ அடித்தது 67 என்பது அடிக்குறிப்பாகிவிடுகிறது. ஓர் அடியை மட்டும் கவனியுங்கள். பதின்மூன்றாவது குழி, பார் 5, கிரீனுக்கு முன்னால் ஓடை, ஃபால்டோ இரண்டு அடி முன்னிலை. கிரீனுக்கு 228 கஜம். முதலில் 5-ஆம் எண் வுட்டை (தலை பருத்த மட்டை) எடுத்துப் பந்தின் பின்னால் வைத்துப் பார்த்தார். சரிவான தரையில் அதன் அடிப்பாகம் சரியாகப் படியவில்லை. படியாத மட்டை தரையில் மோதித் திரும்பினால் பந்து திசைமாறும். அதை உள்ளே வைத்துவிட்டு 2-ஆம் எண் அயர்னை உருவினார். அயர்ன்களிலேயே அடிக்கக் கடினமான ரகம் அது. பந்து ஓடையைத் தாண்டிக் கிரீனில் நின்றது. நார்மனும் அந்தக் குழியில் பர்டி எடுத்தார், ஆனாலும் இடைவெளி குறையவில்லை. 1983-இன் வீச்சில், அந்தச் சரிவில், அந்த மட்டையை எடுக்க அவருக்கே துணிவு வந்திருக்காது.

அந்த ஐந்தில் சேராத இன்னொரு பட்டமான 1990 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பன் பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. இரண்டு நாள் முடிவில் ஃபால்டோவும் நார்மனும் 132-இல் சமம். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஆடினார்கள். ஃபால்டோ 67, நார்மன் 76. மொத்தம் 270, ஐந்து அடி வித்தியாசத்தில் பட்டம். அந்த ஆண்டுதான் ஸ்வீடனின் ஃபேனி சுனெசன் அவருக்குக் கேடியாக (மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளர்) சேர்ந்தார். ஆண்கள் பெரும் பட்டத்தை வென்ற முதல் பெண் கேடி அவர். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

குறை சொல்ல ஃபால்டோவிடம் விஷயமே இல்லையா? இருக்கிறது. சக வீரர்களோடு ஒட்டாதவர். 2008 ரைடர் கோப்பையில் அணித்தலைவராக வந்து தோற்றார். அத்தனையும் சேர்ந்து கட்டிய லெட்பெட்டரை 1998-இல் ஒரு கடிதம் எழுதி விலக்கினார். அதற்குப் பிறகு பெரிய தனிநபர் வெற்றி எதுவும் இல்லை, கடைசித் தனிநபர் வெற்றி 1997-இலேயே முடிந்திருந்தது. அந்த வருடம் மாஸ்டர்ஸில் வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டை டைகர் உட்ஸுக்கு அணிவித்தவர் முந்தைய சாம்பியனான ஃபால்டோதான். அவரோ 75, 81 அடித்து இரண்டு நாளில் வெளியேறியிருந்தார்.

கடைசியாக ஒரு திருத்தம். ரைடர் கோப்பையில் அதிகப் புள்ளிகள் எடுத்த சாதனை இன்னும் ஃபால்டோவிடம் இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. அவர் எடுத்தது 25. 2018-இல் பாரிஸ் அருகே நடந்த போட்டியில் செர்ஜியோ கார்சியா அதைத் தாண்டிவிட்டார்.

இப்படிக்கு,
கோல்ஃப் ஆர்வலர்கள் சிலர்,
கோயம்புத்தூர்