'ஆர்எம்' பெயரில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) நீளமான கட்டளைகளுக்கு 'ஏலியாஸ்' மூலம் சுருக்குப்பெயர் வைப்பது பற்றித் தங்கள் இளைஞர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டோ ஸ்டுடியோ நடத்தும் எனக்கு இது தினசரிப் புழக்கம். படங்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' கட்டளைக்கு 'காப்பு' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தேன். உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கீபோர்டை மாற்றி மாற்றி அடிப்பதுதான் தொல்லை, அதனால் இப்போது ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து.

ஆனால், கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையை அடித்தாலே 'ஆர்எம் ஹைபன் ஐ' ஓடும்படி செய்துகொள்ளுங்கள், அழிக்கும் முன் கேட்கும் என்று கட்டுரை சொல்வது ஆபத்தான யோசனை. என் கடையில் இருந்த தம்பி வீட்டுக் கணினியில் இப்படித்தான் வைத்திருந்தான். எப்படியும் கேட்கும் என்ற தைரியத்தில் கடைக் கணினியில் நட்சத்திரக் குறி (எல்லாக் கோப்புகளும் என்று பொருள்) போட்டு அடித்தான். அங்கே அந்தச் சுருக்குப்பெயர் இல்லாததால் அது எதையும் கேட்கவில்லை. ஒரு வீட்டு நலங்குப் படங்கள் மொத்தமும் போயின. டெர்மினலில் அழித்தால் குப்பைத்தொட்டிக்கும் போகாதே! கேமரா கார்டை ஃபார்மட் செய்யாமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

சொந்தக் கணினியிலும் இந்தக் காவல் அரைகுறைதான். 'ஹைபன் ஆர்எஃப்' சேர்த்து அடித்தால், பின்னால் வரும் 'எஃப்' (கேட்காமல் அழி என்று பொருள்) முன்னால் இருக்கும் 'ஐ'யை ரத்து செய்துவிடும். நிர்வாகி அதிகாரத்தில் ஓட்ட முன்னால் 'சூடோ' போட்டாலும் சுருக்குப்பெயர் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் சாதாரணமாக வரியின் முதல் சொல்லை மட்டுமே விரித்துப் பார்க்கும். பெரிய சேதம் வரக்கூடிய இடத்தில்தான் கைவிடுகிறது. கேட்டு அழிக்க வேண்டுமென்றால் 'டெல்' என்று புதுப் பெயராக வைத்துக்கொள்ளட்டும். அது இல்லாத கணினியில் அடித்தால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வரும், அவ்வளவுதான்.

அப்புறம், அச்சான எடுத்துக்காட்டில் சுருக்குப்பெயருக்கும் கட்டளைக்கும் நடுவே வரும் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விழுந்திருக்கிறது. அப்படியே அடித்தால் பிழைச் செய்திதான் வரும். அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– ஸ்டுடியோ உரிமையாளர், திருமங்கலம்