கல்விச்சீர் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள்: எங்கள் ஊர் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விச்சீர் விழாக் குழுவுக்கும், பழைய மாணவர் சங்கத்து அண்ணன்மார்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். வருகிற தையிலும் கல்விச்சீர், அதாவது ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோகிற விழா, உண்டு, இலக்கு 5 லட்சம், தெருவுக்கு இரண்டு பேர் வசூலுக்கு வர வேண்டும் என்று போட்டு, மூன்றாம் தெருவுக்கு என் பெயரையும் சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்காமல் சேர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நம்ம வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில்தான் சேர்த்திருப்பீர்கள். அதே உரிமையில் நானும் கேட்கிறேன்: போன தையில் வசூலான பணத்தின் கணக்கு எங்கே?

இதையே அந்த அறிவிப்புக்குக் கீழே கேட்டேன். அதற்கு வந்த பதில், "நம்ம ஊர்ல நம்பிக்கைதான் கணக்கு, குறை சொல்றவங்க முன்னால வந்து வேலை செய்யட்டும்." நான் முன்னால் வந்து வேலை செய்தவள்தான். போன மார்கழியில் பனியில் நனைந்துகொண்டு மூன்றாம் தெருவில் 47 வீடு ஏறி 18,350 ரூபாய் வசூலித்தேன். அதில் ஒரு ரூபாய் குறையாமல், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு உங்கள் கையில் கொடுத்தேன். அந்த அடிக்கட்டையை நகல் எடுத்து வீட்டிலும் வைத்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

கல்விச்சீர் என்பது எவ்வளவு நல்ல காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் சீர் கொண்டுபோவது மாதிரி, மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் பழம், தேங்காய், பூவோடு ஊரே ஊர்வலமாகப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு நாற்காலியும் மின்விசிறியும் பீரோவும் கொடுப்பதை நம் பக்கத்து ஊர்கள் பலவும் செய்துவிட்டன. அரசுப் பள்ளி என்றால் கவர்மெண்டுடையது என்று விலகி நின்ற சனத்தை, இது என் வீடு, என் பிள்ளைக்குச் சீர் செய்கிறேன் என்று நிற்க வைத்ததே பெரிய விஷயம். போன வருஷம் ஊர்வலத்தில் நானும் தாம்பாளம் தூக்கினேன். பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் அம்மா ஆரத்தி எடுத்தபோது அழுதுவிட்டேன். அந்த நாளை நான் பழிக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

நடந்தது உங்களுக்கும் தெரியும். மேடையில் மொத்த வசூல் 3,12,000 என்று மைக்கில் அறிவித்தீர்கள். அதில் பந்தல், மைக்செட், நாற்காலி வாடகை, வழி நெடுக வைத்த ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு, வந்த விருந்தினர்களுக்குச் சாப்பாடு என்று எவ்வளவு போனது, பள்ளிக்கு எவ்வளவு போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பொருளாக வந்ததில், எட்டு வகுப்பறை இருக்கிற பள்ளியில் பதினான்கு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவர்கள் மேல் தப்பே இல்லை, என்ன வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அதனால் கடையில் கண்ணுக்குப் பட்டதை வாங்கி வந்தார்கள். ஆறு பீரோ வந்தது, நான்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பழைய சத்துணவுக் கூடத்தில் பூட்டிக் கிடக்கிறது.

ஆனால் தண்ணீர் மோட்டார் போன தீபாவளிக்கு முன்னால் கருகியது கருகியபடியே இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் மகள் ஏழாம் வகுப்பு. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் பையைத் திறந்தால் பாட்டில் பிடித்த மாதிரியே முழுசாகத் திரும்பி வருகிறது, மூடியைத் திருகிய அடையாளம்கூட இல்லை. வெயில் காலத்தில் ஒரு நாள் திட்டினேன். "குடிச்சா பாத்ரூம் போகணும்மா, அங்க தண்ணி இல்ல" என்றாள். இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் வாளி தூக்கிக்கொண்டு தெருக் குழாய்க்குப் போய் எடுத்து வருவார்களாம், அது பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுமாம், அப்புறம் கதவைத் திறக்கவே முடியாதாம். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் ஓடுகிறாள். ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்பிள்ளைகளில் சிலர் அந்த மூன்று நாளும் பள்ளிக்கே வருவதில்லை. ஆசிரியைகளுக்குத் தெரியும், எங்களைப் போன்ற அம்மாக்களுக்குத் தெரியும். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களுக்கு யாரும் சொல்லவில்லையோ என்னவோ, இப்போது நான் சொல்கிறேன்.

கருகிய மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். மோட்டாருக்குக் காயில் கட்டி, உடைந்த குழாயையும் மாற்றிக் கொடுக்க 6,500 ரூபாய் என்றார். மூன்று லட்சம் வசூலான ஊரில் 6,500 ரூபாய் வேலை ஒரு வருஷமாக நடக்கவில்லை.

பூப்பறிக்கப் போகிற அத்தை ஒருத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார், பெயர் வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். நான் வசூலுக்குப் போன அன்று அவர் மல்லிகைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், பனியில் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. மடியை அவிழ்த்து இருபதும் ஐம்பதுமாக எண்ணி 500 ரூபாய் கொடுத்தார். நோட்டெல்லாம் ஈரம். "எதுக்குத்தா வசூல்?" என்று கேட்டார். பேத்தி அதே பள்ளியில் படிக்கிறாள். "கக்கூசுல தண்ணி வர்றதுக்குத்தான் அத்தை" என்று சொல்லி ரசீது கிழித்துக் கொடுத்தேன். இப்போது என்னை எங்கே பார்த்தாலும் "பைப்புல தண்ணி வந்துருச்சாத்தா?" என்று கேட்கிறார். பணம் கேட்டது நான், வாக்குக் கொடுத்ததும் நான். உங்களிடம் கணக்கு கேட்காமல் நான் அவரிடம் என்ன சொல்வது?

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாதா? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பிறந்த நமக்கா? ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்தால் மேசை போட்டு, ஆளுக்கொரு நோட்டு வைத்து, ஊர், தெரு, அப்பா பெயர், தொகை என்று வரி தப்பாமல் எழுதுகிறோம். இப்போது கம்ப்யூட்டர் வைத்து அங்கேயே ரசீதும் கொடுக்கிறார்கள். என் மாமியார் வீட்டில் 1990-களின் மொய் நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, 51 ரூபாய் போட்டவருக்கு எப்போது திருப்பிச் செய்தோம் என்றுகூட அதில் குறிப்பு உண்டு. சொந்தக்காரனுக்குப் போட்ட 51 ரூபாய்க்கு முப்பது வருஷம் கணக்கு வைக்கிற நாம், பிள்ளைகளுக்குப் போட்ட 3 லட்சத்துக்கு ஒரு பக்கக் கணக்கு வைக்கவில்லை என்றால் யார் ஒப்புவார்கள்? மொய்யில் நம்பிக்கை இருப்பதே நோட்டு இருப்பதால்தான். நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்பிக்கைதான் கணக்கு என்று சொன்னால், அடுத்த ஆடிக்கு யாரும் ஒரு ரூபாய் வைக்க மாட்டார்கள்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் தென்னை மொத்தமும் சாய்ந்து, வீட்டில் ஓடு பறந்து, ஊரே நடுத்தெருவில் நின்றது. அந்த நிலைமையிலும் பள்ளிக்கூட ஓடு மாற்ற ஆளுக்கு நூறு, இருநூறு கொடுத்தோம். அப்போது வசூல் செய்த பெரியவர் ஒரு நீளமான தாளில் யார் எவ்வளவு, ஓடு எத்தனை, கொத்தனார் கூலி எவ்வளவு என்று எழுதிப் பள்ளித் திண்ணைத் தூணில் ஒட்டினார். மீதி 240 ரூபாய் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன் என்று கடைசி வரியில் இருந்தது. அவர் இப்போது இல்லை. அவர் செய்ததைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன், புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

காமராசர் காலத்திலும் இப்படித்தான் நடந்தது. 1958 தொட்டு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டார்கள். கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். பள்ளிக்கு என்ன குறை என்று பார்த்து, இன்னது வேண்டும் என்று ஊராரிடம் சொல்லி, பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமுமாக வாங்கினார்கள். தேவை முதலில், விழா பிறகு. நாம் மண்டபம் பேசி, விருந்தினர் தேதி வாங்கி, ஃபிளெக்ஸ் அடித்துவிட்டு, கடைசியில்தான் என்ன வாங்கலாம் என்று யோசித்தோம்.

சரி, இந்தத் தையில் விழா நடக்கட்டும், நானும் வருகிறேன், வசூலும் செய்கிறேன். ஆனால் முதலில் போன வருஷக் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் தலைமை ஆசிரியர் அம்மாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் உட்கார வைத்து என்னென்ன வேண்டும் என்று கேட்டு, விலையோடு பட்டியல் எழுதிக் கடைத்தெருவில் வையுங்கள். மோட்டார் 6,500, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இத்தனை, மாதாமாதம் சுத்தம் செய்கிறவருக்குக் கூலி இத்தனை என்று கண்ணுக்குத் தெரிந்தால், சிங்கப்பூரில் இருக்கிற தம்பி ஒருத்தன் அந்த ஒரு வரியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று போன் பண்ணுவான். கடிகாரம் வாங்கப் போகிறவரும் பட்டியலைப் பார்த்துவிட்டு மனசை மாற்றிக்கொள்வார். எடுத்த வரியை அடித்துவிட்டு மீதியைக் காட்டிக்கொண்டே வந்தால் வசூல் தன்னால் நடக்கும், வீடு வீடாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

பந்தல், மைக்செட், சாப்பாட்டுச் செலவை வசூல் பணத்தில் தொடவே கூடாது. அதற்கென்று வசதியான இரண்டு மூன்று பேரிடம் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள், மேடையில் அவர்கள் பெயரையும் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணம் போன வருஷம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குத்தான் வந்தது. அவர் நேர்மையானவர் என்றே நான் நம்புகிறேன், ஆனால் அவருடைய தேங்காய் வியாபாரப் பணமும் பிள்ளைகள் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் நாளைக்கு அவருக்கே கெட்ட பெயர். மேலாண்மைக் குழு வங்கிக் கணக்கின் க்யூஆர் அட்டையை அச்சடித்துத் தெருவுக்கு ஒன்று கொடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. தேதியும் பார்த்து வையுங்கள். தை பிறந்து நெல் விற்ற காசு கைக்கு வருமுன்னே வசூலுக்குப் போனால் இல்லாதவர்கள் கடன் வாங்கித்தான் தருவார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் தந்தார்கள், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

மேலாண்மைக் குழுவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தபோதே, இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் மாநிலத்தில் தலைவராகவும் ஒரு தாய்தான் வர முடியும். 2024-ல் மாற்றியமைத்தபோது 24 பேரில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. இவ்வளவு இருந்தும் நம் தலைவியான தங்கச்சிக்கு விழாக் கணக்கு ஒரு தடவைகூடக் காட்டப்படவில்லை. மினிட் நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார்கள். அவள் கேட்கப் பயப்படுகிறாள், கூலி வேலை பார்க்கிற குடும்பம், நாளைக்கு உங்கள் தோப்பில்தான் வேலை கேட்டு நிற்க வேண்டும். எனக்கு அந்தப் பயம் இல்லாததால் அவளுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

மனசில் இருப்பதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பள்ளியில் ஒரு மோட்டார் ஓட ஊரார் ஏன் மடியை அவிழ்க்க வேண்டும் என்ற கோபமும் எனக்கு இருக்கிறது. அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தால் நிதி வரட்டும் என்கிறார்கள். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று அரசே ஒரு திட்டம் தொடங்கி, வெளியில் இருக்கிறவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்குப் பணம் அனுப்ப வழி செய்தது. நல்லதுதான், அதில் நம் பள்ளியின் தேவையை ஏற்றச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்போம். ஆனால் குழந்தைகள் ஒன்றுக்குப் போகத் தண்ணீர் விடுவது நன்கொடையாளர் மனம் இரங்கி நடக்க வேண்டிய காரியமா? விழாக் குழுவில் இருக்கிற பதினொரு பேரில் எத்தனை பேர் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர். மற்ற பிள்ளைகள் காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் ஏறிப் போகிறார்கள். அது உங்கள் விருப்பம், அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் மறுநாள் காலை நீங்கள் அலுவலக வாசலில் நிற்பீர்கள், அதே வேகத்தை எங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லாரும் எனக்கு அண்ணனும் சித்தப்பாவும் மாமாவும்தான். யாரும் பணத்தை எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. தகவல் உரிமை மனுப் போடலாம் என்று வெளியூர்த் தம்பி ஒருத்தன் சொன்னான், ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு, மீதி யாரிடம் இருக்கிறது என்ற நாலு வரியைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். நவம்பர் 1 கிராமசபையில் அதையே ஒரு தடவை வாசித்துவிடுங்கள். மீதியில் 6,500 இருந்தால் தீபாவளிக்குள் மோட்டாரைச் சரிசெய்து கொடுங்கள், தயவுசெய்து.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. மூணு மணிக்கு வருகிறேன். மூன்றாம் தெரு அடிக்கட்டை நகலையும், காயில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையில் கொண்டுவருகிறேன். பூப்பறிக்கிற அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் தெருவில் வசூல் செய்தவள்,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்