ஆற்றிலிருந்து தொடங்குங்கள்: தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றாலே கம்பெனி வளாகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவை எங்கும் போய்விடாது. இந்த முறை பிள்ளைகளுக்குக் குவாடலூப்பே ஆற்றை மேலிருந்து கீழாகக் காட்டுங்கள். சுமார் 22 கிலோமீட்டர்தான். கோடையில் பல இடங்களில் நீர் வற்றிவிடும் என்பதால் மார்ச் மாதம் ஏற்றது.

முதலில் மலையடிவாரத்து நியூ அல்மடென். நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்லும் சிவப்புத் தாது இங்கே கிடைத்தது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்களுக்கு அது சாயம். 1840களின் நடுவில் சுரங்கம் வந்தபின் அதைச் சூளையில் சுட்டுப் பாதரசம் எடுத்தார்கள். தங்க வேட்டைக் காலத்தில் கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அந்தப் பாதரசம்தான் உதவியது. மிச்சம் ஓடைகளில் இறங்கியது. நீர்த்தேக்கத்தின் அடியில் ஆக்சிஜன் குறையும்போது நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. பெரிய மீன்களில் அது அதிகம் சேரும். குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் போகாது. தூண்டில் போடும் அப்பாக்களுக்கும் சொல்லுங்கள்: குவாடலூப்பே, அல்மடென், கலேரோ நீர்த்தேக்கங்களில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அடுத்து, கேம்ப்பெல் பக்கம் லாஸ் கேட்டஸ் ஓடையோரக் கசிவுநீர்க் குட்டைகள்; தண்ணீரைத் தேக்கி நிலத்தடிக்குள் இறங்க விடுபவை. இந்த ஓடை சான் ஹோசேயில் குவாடலூப்பேயில் சேர்கிறது. மலையடிவாரத்தில் சரளை மண், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் களிமண். அதனால்தான் குட்டைகளை மேலே வெட்டினார்கள். வண்டல் படிந்தால் கசிவு நின்றுவிடும். அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும். இதை வகுப்பிலேயே காட்டலாம். அடிப்பாகம் வெட்டிய இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஒன்றில் சரளையும் மற்றதில் களிமண்ணும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். களிமண்ணை முன்பே நனைத்து ஓரத்தோடு அழுத்தாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து சோதனை பொய்த்துவிடும்.

சான் ஹோசே நகர மையத்தில் சொல்ல வேண்டிய கதை பெரியது. பிளம், ஆப்ரிகாட் தோப்புகளுக்கும் பின்னர் வளர்ந்த நகருக்குமாகக் கிணறுகள் உறிஞ்சியதில், 1910களிலிருந்து 1969 வரை தரை ஏறக்குறைய 4 மீட்டர் இறங்கியது. 1930களில் அணைகள் கட்டினார்கள், போதவில்லை. 1965இல் தெற்கு வளைகுடாக் கால்வாய் வழியே வெளியூர்த் தண்ணீர் வந்தபின்தான் நிலத்தடி நீர்மட்டம் தேறி, இறக்கம் நின்றது. இதை விளக்க ஸ்பாஞ்ச் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நனைத்தால் அது பழையபடி உப்பிவிடும். இறுகிப்போன களிமண் அடுக்கு அப்படி உப்பாது; போன உயரம் போனதுதான்.

கடைசியில், ஆறு வளைகுடாவை நெருங்கும் இடத்தில் உள்ள அல்வீசோ. கரையின் மேல் ஏறி நின்று ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் தெருவையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கும் தரை இறங்கித் தெரு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் மழைநீர் தானாக வடியாது, பம்பு வைத்துத்தான் இறைக்க வேண்டும். 1983 வெள்ளத்தில் ஊர் மூழ்கியது. பிற்பகலில் அங்கே காற்று பலமாக வீசும். வரைபடத் தாள்களை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுங்கள், ஆளுக்கொரு ஸ்வெட்டரும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தாக்கில் வசிக்கும் சில பெற்றோர்